மும்பைக்கு வரும் குடும்பம் எங்கே வீடு பார்ப்பது?

சென்ற ஆண்டு ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான். "மாமா, என்னை ஐரோலி ஆபீஸுக்கு மாத்திட்டாங்க. ஜூன்ல சேரணும். ஊர்லேர்ந்து அம்மாவையும் கூட்டிட்டு வாரேன். தாணேயில கோட்பந்தர் ரோட்டுல ஒரு டவர். ரெண்டு பெட்ரூம், நீச்சல் குளம் எல்லாம் இருக்கு. புரோக்கர் படம் அனுப்பியிருக்கான். டோக்கன் குடுத்துரட்டுமா?" என்றான்.

"குடுத்துராதல, ஒரு வாரம் பொறு" என்றேன்.

அந்த ஒரு வாரத்தில் அவனிடம் தவணை தவணையாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சிலம்பையும் குறளையும் ஆய்ந்து எழுதும் பெரியவர்கள் நடுவே வாடகை வீட்டுக் கதைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். தொல்காப்பியர் முதற்பொருள் என்று நிலத்தை மட்டும் சொல்லவில்லை, நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே சொன்னார். அவர் சொன்னது அகப்பாட்டுக்கு. ஆனால் மும்பையில் வீடு தேடுகிறவனுக்கும் இதைவிட நல்ல சூத்திரம் இல்லை என்பது முப்பது வருஷத்தில் நான் கண்டது. இந்த ஊரில் நிலத்தைப் பொழுதால்தான் அளக்க வேண்டும். "வீடு எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் யாரும் கிலோமீட்டர் சொல்வதில்லை. "ஃபாஸ்ட் வண்டியில் ஐம்பது நிமிஷம்" என்பார்கள்.

ஏன் இப்படி என்று தெரிய ஊரின் உடற்கூற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பழைய பம்பாய் ஏழு தீவுகள். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இடையிலிருந்த கடலைத் தூர்த்து ஒன்றாக்கினார்கள். அதற்கு வடக்கே சால்செட் என்னும் பெரிய தீவு. மேற்கே அரபிக்கடல், கிழக்கே துறைமுகமும் தாணே கழியும். ஊர் வளர வேண்டுமானால் வடக்கே போக வேண்டும், இல்லையென்றால் மேலே போக வேண்டும். சென்னையைப் போல நாலு பக்கமும் பரவ வழியில்லை. நிலத்துக்கு இத்தனை விலை ஏறியதற்கு முதல் காரணம் கடல்தான். மற்றக் காரணங்கள் மனிதர் செய்தவை.

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி போரி பந்தரிலிருந்து தாணேக்கு ரயில் ஓடியது. பிறகு வந்த தடங்களும் பெரும்பாலும் தெற்கு வடக்காகவே அமைந்தன. மேற்குத் தடத்தில் சர்ச்கேட்டிலிருந்து போரிவலி 34 கிலோமீட்டர், விரார் 60. மத்தியத் தடத்தில் சி.எஸ்.எம்.டி.யிலிருந்து (பழைய ஆட்களுக்கு இன்றும் வி.டி.தான்) தாணே 34, கல்யாண் 54. துறைமுகத் தடத்தில் பன்வேல் 49. ஒரே தடத்தில் முப்பது கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். ஆனால் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குக் கிழக்கு மேற்காகப் பத்து கிலோமீட்டர் போக, மாலை நேரத்தில் சாலையில் அதே ஒரு மணி நேரம் ஆகும், மழை பெய்தால் அதற்கு மேலும். 2014 ஜூனில் வெர்சோவா – காட்கோபர் மெட்ரோ வந்தபிறகு அந்தேரிப் பக்கம் இந்தத் தொல்லை குறைந்தது. 2024 அக்டோபரில் தொடங்கி ஓராண்டில் ஆரே முதல் கஃப் பரேட் வரை பூமிக்கடியில் மெட்ரோ ஓட ஆரம்பித்ததும் பெரிய உதவி. ஆனாலும் விதி மாறவில்லை. மும்பையில் நாம் தேர்ந்தெடுப்பது பேட்டையை அல்ல, தடத்தை. முதலில் ஆபீஸ் எந்தத் தடத்தில் என்று பாருங்கள். வீடும் அதே தடத்தில் இருக்கட்டும்.

ஆபீஸ் என்றால் கோட்டைப் பகுதி என்றிருந்த காலமும் போய்விட்டது. 1982-இல் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. அவை நின்ற லோயர் பரேலில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள். பாந்த்ரா – குர்லா வளாகம், அந்தேரி சீப்ஸ், பவாய், மலாட், ஐரோலி என்று வேலை இடங்கள் சிதறிக் கிடக்கின்றன. இதில் ஒரு நன்மையும் உண்டு. காலையில் கூட்டம் எல்லாம் தெற்கே போகும்போது, வடக்கே போகிற வண்டியில் சில சமயம் உட்கார இடமே கிடைக்கும். புது ஆட்கள் இதைக் கவனிப்பதில்லை.

நம்மவர்கள் இந்த ஊரில் நகர்ந்த வழியைப் பார்த்தாலும் இதுவே தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் தாராவியில் குடியேறினார்கள். வேலை செய்த இடத்தை ஒட்டியே குடிசை, அங்கே நடையே வாகனம். பின்னால் ஆங்கிலம் படித்துக் குமாஸ்தா வேலைக்கு வந்தவர்கள் மாட்டுங்காவைப் பிடித்தார்கள். மாட்டுங்காவின் அருமை என்ன தெரியுமா? மத்தியத் தடத்தில் மாட்டுங்கா, மேற்குத் தடத்தில் மாட்டுங்கா ரோடு, துறைமுகத் தடத்தில் கிங்ஸ் சர்க்கிள் என்று மூன்று தடங்களும் நடக்கிற தூரத்தில். கோட்டையில் வேலை பார்த்தாலும் பரேலில் வேலை பார்த்தாலும் வீடு மாற்ற வேண்டியதில்லை. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே பள்ளி தொடங்கியது. கோயில், வாழையிலைக் கடை, காப்பிப் பொடி எல்லாம் கூடவே வந்தன. 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிரான கிளர்ச்சி நடந்தபோது, ஒன்றாகக் குடியிருந்தது ஒரு தைரியமாகவும் இருந்தது என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாடகை ஏற ஏற, அடுத்த தலைமுறை செம்பூருக்கும் முலுண்டுக்கும் போனது, அதற்கடுத்தது டோம்பிவிலிக்கும் கல்யாணுக்கும். 1992-இல் மான்குர்டிலிருந்து கழியைத் தாண்டி வாஷிக்கு ரயில் வந்ததும் நெரூல் பக்கம் நம்மவர்கள் பெருகினார்கள். எல்லாரும் ஏதோ ஒரு தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டேதான் நகர்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்தா நான் வந்தேன்? இல்லை.

1996 ஜூனில் பாளையங்கோட்டையிலிருந்து மாற்றலாகி வந்தேன். ஆபீஸ் கோட்டையில். மனைவி, இரண்டு பையன்கள், அறுபத்தெட்டு வயது அம்மா. குவார்ட்டர்ஸ் கிடைக்க மூன்று வருஷம் ஆகும் என்றார்கள். ஒரு புரோக்கர் மீரா ரோட்டில் இரண்டு பெட்ரூம் வீடு காட்டினார். வாடகை 3,200. அதே சமயம் செம்பூரில் ஒரு பெட்ரூம் வீட்டுக்கு 6,000 கேட்டார்கள். கூட்டிக் கழிக்கத் தெரிந்தவன் எதை எடுப்பான்? "பெரிய வீடு, பிள்ளைகள் ஓடி விளையாடும், அம்மாவுக்குத் தனி ரூம்" என்று பெருமையாக ஊருக்குக் கடிதம் எழுதினேன்.

வாடகையைக் கணக்குப் போட்ட நான் பொழுதைக் கணக்குப் போடவில்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோ, அதற்கு வரிசை. பிறகு சர்ச்கேட் வரை சுமார் 40 கிலோமீட்டர் நின்றுகொண்டு. பிறகு நடை. ஒரு வழிக்கு ஒரு மணி நாற்பது நிமிஷம். போக வர மூன்று மணி இருபது நிமிஷம். ஒரு நாள் சீசன் டிக்கெட் உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். மாதம் 25 நாள் என்றால் 83 மணி நேரம். வருஷத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் மணி, அதாவது 41 முழு நாட்கள் இராப்பகலாக ரயிலிலும் வரிசையிலும் நிற்கிறேன். பிள்ளைகள் எழும்முன் போய், தூங்கியபின் வந்தேன். விரார் வண்டியில் ஏறிப் போரிவலியில் இறங்கப் பார்ப்பவரை உள்ளே இருப்பவர்கள் படுத்தும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு, அந்த வண்டி எப்படிப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. சிரித்துக்கொண்டு எழுதினாலும் இது சிரிக்கிற விஷயமல்ல. இந்தப் புறநகர் ரயில் தடங்களில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழக்கிறார்கள், தண்டவாளத்தைக் கடக்கும்போதும் கதவோரம் தொங்கி விழுந்தும். வீடு எங்கே என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

ஆனால் என் பாடு பெரிதல்ல, அம்மா பாடுதான் பெரிது.

அந்தக் காலனியில் கட்டடங்கள் எல்லாம் ஒரே அச்சு. ஒரே மஞ்சள் நிறம். எழுத்தும் எண்ணும்தான் வித்தியாசம், அதுவும் ஆங்கிலத்தில். மழைக்காலம் என்பதால் எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் யாரோ ஜன்னலுக்கு நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அம்மா அதைத்தான் அடையாளம் வைத்திருந்திருக்கிறார். ஆகஸ்டில் ஒரு நாள், மனைவி பெரியவனின் பள்ளி விஷயமாகப் போரிவலிக்குப் போயிருந்தபோது, அம்மா கொத்தமல்லி வாங்கக் கீழே இறங்கினார். திரும்பி வந்து பார்த்தால் தார்ப்பாயைக் காணோம். எந்தக் கட்டடம் என்று தெரியவில்லை. விலாசம் தெரியாது. இந்தி தெரியாது. நாலு மணி நேரம் அந்த மழையில் அலைந்திருக்கிறார். கடைசியில் காய்கறிக்காரம்மா ஒருவர், மராட்டிக்காரர், அம்மாவைத் தன் கூரைக்கடியில் சாக்கைப் போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். எங்களுக்குப் பால் போடுகிற பையன் அந்த வழியாக வந்து அடையாளம் கண்டு கூட்டிவந்தான். நான் வீடு திரும்பியது இரவு ஒன்பதரை. நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது, ஏனென்றால் வீட்டில் போன் இல்லை.

அம்மா அழவில்லை, குறை சொல்லவும் இல்லை. "எய்யா, அந்தப் பொம்பள நல்லவ. என்ன பேசுனான்னுதான் வெளங்கல" என்றார். அதோடு கீழே இறங்குவதை நிறுத்திவிட்டார். நாலாவது மாடியில் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தை மாதம் வாக்கில் வீட்டுக்குள்ளும் பேச்சு குறைந்தது. "சாப்ட்டியா" என்று கேட்பார், அவ்வளவுதான். ஊரில் தெருவே கேட்கப் பேசுகிறவர். டாக்டரிடம் கூட்டிப்போனேன். உடம்பில் ஒன்றுமில்லை என்றார். தனி ரூம் வாங்கிக் கொடுத்ததாக நினைத்தேன். நான் கொடுத்தது தனிச் சிறை என்று புரிய எட்டு மாதம் ஆயிற்று.

மீரா ரோட்டைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். இன்று அங்கே எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் நன்றாக இருக்கின்றன. காந்திவலியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அது அருமையான இடம். தப்பு என் தேர்வில். வேலைக்குப் போகிறவன் ஒருவனை மனதில் வைத்து வீடு பார்த்தேன், அதுவும் அவன் பணத்தை மட்டும். வீட்டிலேயே இருக்கப்போகிறவரை நினைக்கவே இல்லை. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும், 1997 மே மாதம் செம்பூருக்கு மாறினோம். கார்ப்பெட் அளவு 380 சதுர அடி. ஐந்து பேர். அம்மாவும் பையன்களும் ஹாலில். ஊரிலிருந்து கொண்டுவந்த மர பீரோவை விற்றோம். ஸ்கூட்டர் வாங்கும் யோசனையைக் கைவிட்டேன். முதல் வகுப்புப் பாஸை இரண்டாம் வகுப்பாக்கினேன். துறைமுகத் தடத்தில் வி.டி.க்கு அரை மணிக்குக் கொஞ்சம் மேல், இறங்கினால் ஆபீஸ் நடை தூரம். ஏழு மணிக்கு வீட்டில் இருந்தேன்.

அம்மா முதல் வாரமே செடா நகர் முருகன் கோயிலைக் கண்டுபிடித்துவிட்டார். அங்கே கல்லிடைக்குறிச்சி அம்மாள் ஒருவர் சிநேகிதமானார். இருவரும் கீரைக்காரியிடம் தமிழில் பேரம் பேசுவார்கள், அவள் மராட்டியில் பதில் சொல்வாள், வியாபாரம் நடக்கும். மூன்று மாதத்தில் பழைய சத்தம் திரும்பிவிட்டது. அடுத்த வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டும் அளவுக்கு.

அக்கா மகனிடம் நான் முதலில் கேட்டது இதைத்தான்: "உன் வீட்டில் சம்பாதிக்காத ஆள் யார்? அவங்க ஆட்டோ இல்லாம, இந்தி இல்லாம, சொந்தக் காலால எங்கெல்லாம் போய் வர முடியும்?" காய்கறி, மருந்துக் கடை, டாக்டர், கோயிலோ மாதா கோவிலோ பள்ளிவாசலோ, அப்புறம் பேச ஒரு ஆள். இவை நடக்கும் தூரத்தில் இருந்தால், வீடு நூறு சதுர அடி குறைந்தாலும் தாங்கலாம். தமிழர் கூட்டமாக இருக்கிற இடம்தான் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படி மட்டுமே இருந்தால் பிள்ளைகள் இருபது வருஷம் இங்கே வளர்ந்தும் மராட்டி பேசத் தெரியாமல் நிற்பார்கள், பார்த்திருக்கிறேன். கட்டடத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தால் போதும், மற்றவர்கள் யாராகவும் இருக்கட்டும்.

வேலைக்குப் போகும் பெண்கள் இருந்தால் இன்னொன்று. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரும் பாதையை ஞாயிறு பகலில் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. வேலை நாளில் இரவு எட்டு மணிக்கு ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

இனி பேப்பர் விஷயம். இங்கே பெரும்பாலும் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்னும் ஒப்பந்தம், பொதுவாகப் பதினோரு மாதம். நம் ஊர் வாடகைச் சீட்டு மாதிரி அல்ல இது. ஏன் வந்தது என்றால், 1947-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தோடு கட்டிப்போட்டது. குடியிருப்பவரைக் கிளப்ப முடியாது, வாடகையும் ஏறாது. ஆகவே பழைய கட்டடங்களில் 'பகடி' என்று பெரிய தொகை கைமாறியது. சொந்தக்காரர்கள் புதிதாக வாடகைக்கு விடவே பயந்தார்கள். விடாத வீடுகளால் இருக்கிற வீட்டுக்கு வாடகை ஏறியது. ஏழைக் குடித்தனக்காரரைக் காக்க வந்த சட்டம், பின்னால் வந்தவர்களுக்கு வீடே கிடைக்காமல் செய்துவிட்டது என்பது என் அபிப்பிராயம், மறுப்பவர்களும் உண்டு. அந்தப் பயத்துக்கு மாற்றாகத்தான் இந்த லைசென்ஸ். வீட்டில் உரிமை எதுவும் கிடையாது, இருக்க அனுமதி மட்டும்.

2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்யப்பட வேண்டும் என்கிறது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. செய்யாவிட்டால், தகராறு வரும்போது, வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனைகளே ஏற்கப்படும். மறுபக்கம், கெடு முடிந்தும் காலி செய்யாதவர் இரட்டிப்புத் தொகை கட்ட நேரும் என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. "பதிவெல்லாம் எதுக்கு சார், நோட்டரி போதும்" என்று புரோக்கர் சொன்னால் தலையாட்டாதீர்கள். மீரா ரோட்டு வீட்டுக்காரர் என் டெபாசிட்டில் எண்ணாயிரம் ரூபாயைச் சுண்ணாம்புச் செலவு என்று பிடித்துக்கொண்டார். என்னிடம் இருந்தது பதிவாகாத ஒரு தாள். வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

ஹவுசிங் சொஸைட்டிக் கட்டடமானால் சொஸைட்டிக்காரர்களையும் பார்க்க வேண்டிவரும். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு அவர்கள் சொந்தக்காரரிடம் வாங்கும் கூடுதல் கட்டணம், சேவைக் கட்டணத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2001-இலேயே அரசு ஆணை உண்டு. அதை யார் தலையில் கட்டுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சில இடங்களில் சைவமா அசைவமா என்று கேட்பார்கள். நம்மில் சைவக்காரர்களுக்கு அந்தக் கேள்வி உறைப்பதில்லை, வீடு கிடைத்துவிடுகிறது. மீன் சாப்பிடும் தூத்துக்குடிக்காரர் அதே வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறார். நமக்குக் கிடைத்தது என்று சும்மா இருந்துவிடுகிறோம், அது சரியில்லை.

அளவு விஷயத்தில் ஏமாறாதவர் குறைவு. 'சூப்பர் பில்டப்' என்பது மாடிப்படி, லிஃப்ட், தாழ்வாரத்தில் நம் பங்கையும் சேர்த்துச் சொல்வது. கார்ப்பெட் என்பது காலால் மிதிக்கும் இடம். 2017 மே மாதம் முதல் ரேரா சட்டப்படி புது வீடு விற்பவர்கள் கார்ப்பெட் அளவைத்தான் சொல்ல வேண்டும். வாடகைக்கு விடும் புரோக்கருக்கு அந்தக் கட்டாயம் உறைப்பதில்லை. கையோடு டேப் கொண்டுபோங்கள்.

பள்ளிக்கூடம் பற்றி நீளமாக எழுத இடமில்லை, ஆனால் ஒன்றை விடமுடியாது. மகாராஷ்டிரத்தில் மருத்துவப் படிப்பில் மாநில ஒதுக்கீட்டுக்குப் பொதுவாகப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு இரண்டையும் இங்கேயே முடித்திருக்க வேண்டும், வசிப்புரிமைச் சான்றும் வேண்டும். மத்திய அரசு ஊழியர் பிள்ளைகள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. பத்தாம் வகுப்பை ஊரில் முடித்துவிட்டுப் பதினொன்றுக்கு இங்கே வரும் பிள்ளைக்கு அந்தக் கதவு அடைபட்டுவிடும். ஒன்று, ஒன்பதாம் வகுப்புக்குள் குடும்பத்தோடு வந்துவிடுங்கள். இல்லையென்றால் பன்னிரண்டு முடியும்வரை பிள்ளையை அங்கேயே விடுங்கள். இரண்டு மாநில விதிகளையும் அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் படித்துவிட்டு முடிவு செய்வது உத்தமம். தவிர, 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தப் போர்டு பள்ளியிலும் மராட்டி கற்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு டியூஷன் வேண்டியிருக்கும். அதற்கும் பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். தாராவி போன்ற இடங்களில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகள் இருப்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்தது மழை. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அன்று குர்லா அருகே வண்டி நின்று, மற்றவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து மறுநாள் விடியற்காலையில் வீடு சேர்ந்தேன். நாங்கள் இருந்தது மேட்டுப் பகுதியில் முதல் மாடி என்பதால் அம்மாவும் மனைவியும் பத்திரமாக இருந்தார்கள். அடுத்த தெருவில் தரைத்தளத்து வீடுகளில் கட்டில் மிதந்தது. இரண்டு தெருவுக்கும் வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை. வீடு பார்க்கப் போனால் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடம், "அந்த ஜூலையில் தண்ணி எதுவரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார். புரோக்கர் காட்டமாட்டார். கடைசி மாடி வாடகை குறைவாக இருந்தால் கூரை ஒழுகும் என்று பொருள். மேற்குச் சுவரில் மழை நேராக அடிக்கும், பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கக் கூச்சப்படாதீர்கள். மாநகராட்சித் தண்ணீர் எத்தனை மணிக்கு எவ்வளவு நேரம் வருகிறது என்பதையும் கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டால் உண்மை தெரியும்.

அக்கா மகன் கதைக்கு வருகிறேன். நானும் அவனும் கோட்பந்தர் ரோட்டுக்குப் போய்ப் பார்த்தோம், வேண்டுமென்றே ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. வீடு அழகுதான். பதினெட்டாவது மாடிக் காற்று ஊரையே மறக்கச் செய்யும். ஆனால் தாணே ஸ்டேஷனிலிருந்து டவர் வாசலுக்கு ஐம்பது நிமிஷம் ஆயிற்று. வாசலுக்கு வெளியே எட்டு வழிச் சாலை, எதிர்ப்பக்கம்தான் கடைகள். அக்காவுக்கு முழங்கால் வலி. சாலையைப் பார்த்துவிட்டு அவனே ஒன்றும் பேசவில்லை.

அடுத்த நாள் முலுண்ட் கிழக்கில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம் பார்த்தோம். ஸ்டேஷனுக்கு எட்டு நிமிஷ நடை. அடுத்த ஸ்டேஷன் தாணே, அங்கே மாறினால் 2004-இல் வந்த வாஷித் தடத்தில் ஐரோலி. கீழே மார்க்கெட், பக்கத்துத் தெருவில் கோயில், இரண்டாவது மாடியில் ஒரு தஞ்சாவூர்க் குடும்பம். ஒரே பெட்ரூம், லிஃப்ட் கிடையாது, அதனால் முதல் மாடியா என்று பார்த்தோம், முதல் மாடிதான். வாடகை டவர் வீட்டுக்குச் சமம். அவன் மனைவிக்கு முகம் வாடியது வாஸ்தவம். நீச்சல் குளம் என்று பிள்ளையிடம் வேறு சொல்லிவைத்திருந்தாள். நான் தலையிடவில்லை. இரண்டு பேரும் அன்றிரவு எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து தாளில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

காலையில் அவன் அம்மாவுக்குப் போன் போட்டான். முலுண்ட் வீடு, சின்ன வீடு, படி பதினெட்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "கிரைண்டர் வைக்க எடம் இருக்கால?" என்றார். சமையலறையில் இல்லை. பால்கனியில் வைக்கலாம், மழைச்சாரல் படாமல் ஒரு மறைப்பு அடிக்க வேண்டும் என்று டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் கிளம்பினோம்.